பிக்கப்புக்கு ஃபோர் வீல்: ஆக்சில் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

"ஏனுங்க, கோயமுத்தூர் உக்கடத்துல முன் ஆக்சில் ஒண்ணு கெடச்சிருக்குது. நம்ம பிக்கப்புல ஏத்திரலாமுங்களா?"

பட்டறைகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆக்சில் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் பிக்கப்பை, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீலாக மாற்றுவதில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் முன் ஆக்சில். முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸின் வால் பகுதி. அதற்கடுத்து, அங்கிருந்து பின் கிரவுனுக்கு, அதாவது பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரக் கூட்டுக்கு, ஜாயின்ட் ஷாஃப்ட் போகிற கோடு. அந்தக் கோடு ஒத்துவரவில்லை என்றால் எவ்வளவு நல்ல ஆக்சில் கிடைத்தும் பயனில்லை.

அதற்கும் முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து முன் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்து ஒரே டம்மி ஆக்சில் (இழுக்காமல் பாரம் மட்டும் தாங்குவது) போய், அது கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மேல் உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஆர்ம், காயில் ஸ்பிரிங் என்று இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. சக்கரத்துக்குப் போக வேண்டிய ஷாஃப்ட்டின் வழியில் காயில் ஸ்பிரிங் குறுக்கே நிற்கும். கிரவுனைச் சேஸில் தொங்கவிட வேண்டும், நக்கிளை (சக்கரம் மாட்டித் திரும்பும் பகுதி) மாற்ற வேண்டும், இரு பக்கமும் சக்கரம் திரும்பினாலும் சீராகச் சுற்றும் சி.வி. ஜாயின்ட் வேண்டும். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பட்டை வைத்தால் ஸ்டியரிங் பாக்ஸ் முதல் எல்லாமே இடம் மாறும். ஏ.பி.எஸ். சென்சார், கம்ப்யூட்டர் உள்ள புதிய வண்டிகளில் இன்னொரு தலைவலியும் சேரும். சக்கர வேகம் கம்ப்யூட்டருக்குப் புரியாமல் போனால் பிரேக் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

உண்மையிலேயே தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் கரிசல் இட்டேரியில் (வேலியோர மண்பாதை) காலி பிக்கப் சிக்கிக்கொள்ள முதல் காரணம் பின் ஆக்சில் மேல் பாரம் இல்லாததுதான். அடுத்த காரணம் பின் கிரவுனுக்குள் இருக்கும், இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் திறந்த டிஃப்ரன்ஷியல். அது இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் (டார்க்) கொடுக்கும். சேற்றில் இருக்கிற சக்கரம் எவ்வளவு குறைவாகத் தாங்குகிறதோ, மேட்டில் இருக்கிற சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். 150 முதல் 200 கிலோ மணல் மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே போட்டு, நல்ல மட் டயர் மாட்டி, சேற்றில் போகும்போது மட்டும் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் தோட்டத்துப் பாதை வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். தாரில் ஏறுமுன் காற்றை மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சக்கரத்தையும் பூட்டிச் சேர்ந்து சுற்றவைக்கும் லாக்கர் ஒன்றைப் பின் கிரவுனில் போட்டால் இன்னும் கொஞ்சம் போகலாம். இதற்கு மேலும் தேவைப்படுவது பர்கூர், கொல்லிமலை போன்ற இடங்களில் தார் முடிந்தபிறகு சரளைக்கல் ஏற்றத்தில் பாரத்தோடு ஏறுகிறவர்களுக்கு. சத்தியமங்கலம் மாக்கம்பாளையம் பக்கம் காட்டுப் பள்ளங்களில் இறங்கி ஏறுகிறவர்களுக்கும் தேவைப்படும். அங்கே முன் சக்கரமும் இழுத்தால்தான் வண்டி நகரும். அதோடு, லோ கியர் இல்லாமல் கிளட்ச் பிழைக்காது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவு, முறையற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கம்பெனியே அதே மாடலில் ஃபோர் வீல் விற்றிருந்தாலும், அந்தச் சாமானை நாமே எடுத்து மாட்டுவது தானாக அனுமதி ஆகிவிடாது. ஆர்.டி.ஓ.விடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். ரோட்டில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் கம்பெனி ஃபோர் வீல் வண்டியைப் பழையதாக வாங்குவதுதான் கணக்குக்கும் சரி, நிம்மதிக்கும் சரி. இனி வருவது, இதையெல்லாம் தெரிந்துகொண்டே இறங்குகிறவர்களுக்கு.

இப்போது கியர்பாக்ஸ். டூ வீல் கியர்பாக்ஸில் பின்னால் நீளமான வால் இருக்கும். அதற்குள் மெயின் ஷாஃப்ட்டின் நுனி, ஸ்பீடோமீட்டர் பல், கடைசியில் ஜாயின்ட் மாட்டும் ஃபிளேஞ்ச். ஃபோர் வீல் கியர்பாக்ஸில் அந்த வால் இருக்காது. மெயின் ஷாஃப்ட் குட்டையாக முடிந்து, அதன் பல்வரியில் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து, ஹை, லோ ரேஞ்சும் தரும் பெட்டி) கியர் நேரடியாக உட்காரும். ஆகவே டிரான்ஸ்ஃபர் பாக்ஸை மட்டும் வாங்கி வந்து ஒட்டவைக்க முடியாது. மூன்று வழி உண்டு. ஃபோர் வீல் வண்டியின் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸையும் பிரிக்காமல் ஒரே கட்டாக எடுத்து ஏற்றுவது முதல் வழி. இருக்கிற கியர்பாக்ஸைத் திறந்து மெயின் ஷாஃப்ட்டையும் பின் மூடியையும் மாற்றுவது இரண்டாவது. டிரான்ஸ்ஃபர் பாக்ஸைத் தனியாகச் சேஸில் தொங்கவிட்டு, நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட்டால் இணைப்பது மூன்றாவது.

முதல் வழிதான் சிறந்தது. பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கூடு) போல்ட் வரிசை, கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கை, பைலட் பேரிங் அளவு ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் வேலை பாதியாகிவிடும். இரண்டாவது வழிக்குக் கியர்பாக்ஸ் மெக்கானிக் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மெயின் ஷாஃப்ட் முன்பின் ஆட்டத்தை ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யவில்லை என்றால் டாப் கியர் தானாகக் கழன்றுவிடும். மூன்றாவது வழி எளிதாகத் தோன்றும். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் இப்படித் தனியாக நிற்பதுதான், அதனால் அதன் மேல் பலருக்கு ஆசை. ஆனால் அது 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குச் செய்தது. ஹை ரேஞ்சிலேயே அதற்கு 1:1 கிடையாது, சுமார் 1.4 குறைப்பு உண்டு. டீசல் பிக்கப்பில் மாட்டினால் ரோட்டில் வேகம் போய்விடும், முறுக்கும் தாங்காது.

முறுக்கின் அளவு தெரிந்தால் மவுண்டிங்கின் அவசியம் புரியும். எஞ்சின் 195 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.5, டிரான்ஸ்ஃபர் லோ 2.46 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸை விட்டு வெளியே வருவது 1,679. உள்ளே போனது 682 மட்டுமே. மீதி ஏறத்தாழ ஆயிரத்தையும் எதிர்த்திசையில் தாங்குவது பாக்ஸின் மவுண்டிங் மட்டும்தான். நாலு எம்.எம். தகட்டை வளைத்து வெல்டு வைத்த தாங்கி இதற்கு ஆகாது. குறைந்தது மூன்று இடத்தில் ரப்பர் மவுண்ட், அதற்குக் குழாய் வடிவக் கிராஸ் மெம்பர், சேஸோடு போல்ட் இணைப்பு வேண்டும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள், குறுக்கு வெல்டும் வைக்காதீர்கள். வளைவின் பளு முழுவதும் அந்த விளிம்புகளில்தான். துளைகள் நடுச்சுவரில் வரட்டும். பெட்டிச் சேஸாக இருந்தால் உள்ளே குழாய்த் துண்டு வைத்துப் போல்ட் இறுக்கினால் சுவர் நசுங்காது. வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

இனி அந்தக் கோடு. பழைய வில்லீஸ் வழி வந்த ஜீப்களில் இருக்கிற ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும், கெட்டியானது, லோ ரேஞ்ச் 2.46. ஆனால் அதில் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டுமே வண்டியின் வலது பக்கம் ஒதுங்கி வெளிவரும். அதற்கேற்ப அந்த ஜீப்களில் பின் கிரவுனும் வலப்புறம் ஒதுங்கியிருக்கும். பிக்கப்பின் பின் கிரவுனோ நடுவில். இரண்டையும் இணைத்தால் ஷாஃப்ட் கீழ்நோக்கியும் சாயும், பக்கவாட்டிலும் சாயும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் நீளம் 900 மி.மீ., இறக்கம் 150 மி.மீ. என்றால் கோணம் 9.5 டிகிரி. பக்கவாட்டில் இன்னொரு 150 மி.மீ. சேர்ந்தால் அது 13 டிகிரிக்கு மேல் போய்விடும். நீளம் 600 மி.மீ. ஆகக் குறைந்தால் வெறும் இறக்கமே 14 டிகிரி. கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனையிலும் ஒரே கோணம் இருந்தால் ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டிவிடும். ஆனால் கோணம் பெரிதாக இருந்தால் நடு ஷாஃப்ட்டின் துடிப்பு நிற்காது, கிராஸ் ஊசி பேரிங் விரைவில் போய்விடும். முழு வேகத்தில் சுற்றும் பின் ஷாஃப்ட்டுக்கு 5 டிகிரிக்குள் வைப்பது நல்லது. ஆகவே பின் கிரவுன் நடுவில் உள்ள பிக்கப்புக்குப் பின் ஷாஃப்ட் நேர்கோட்டில் வருகிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸ்தான் சரி. ஸ்பைசர் 18 போட்டே ஆக வேண்டும் என்றால் பின் ஆக்சிலையும் அதே ஜீப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் பிக்கப் சுமக்கிற பாரத்துக்கு அந்த ஆக்சில் செய்யப்பட்டதல்ல. மலைத்தோட்டத்தில் ஒன்றரை டன் ஏற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

பழைய ஜீப் பாக்ஸில் ஹேண்ட் பிரேக் டிரம் பின் ஷாஃப்ட்டில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் வண்டி உருளும். டிஃப்ரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றிக்கொள்ளும், ஷாஃப்ட் மட்டும் நிற்கும். பஞ்சர் ஒட்டும்போது முன் சக்கரத்துக்குக் கல் கட்டாயம்.

பாக்ஸ் முடிவானபிறகுதான் முன் ஆக்சில். முன் ஷாஃப்ட் வலப்புறம் வந்தால் முன் கிரவுனும் வலப்புறம், இடம் என்றால் இடம். அதற்கடுத்து ரேஷியோ, அதாவது கிரவுனின் பல் எண்ணிக்கையை, ஷாஃப்ட்டோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரமான பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தது. முன்னும் பின்னும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது. 39 பல் கிரவுன், 8 பல் பினியன் என்றால் 4.88. 43-க்கு 8 என்றால் 5.38. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூட்டில் இருக்கும். 41-க்கு 10, 37-க்கு 9 போல 4.10, 4.11 என்று வந்தால் பரவாயில்லை, மண்ணில் டயர் சறுக்கி ஈடுகட்டும். 4.88-ஐயும் 5.38-ஐயும் கோர்த்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். பலவீனமான பல் முதலில் உடையும்.

கடைக்காரர் சொல்லை நம்பாமல் எண்ணிப் பாருங்கள். வண்டியில் இருக்கிற பின் ஆக்சில் என்றால் நியூட்ரலில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும், மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துக்கொள்ளுங்கள். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்பதால் கிரவுன் பாதி வேகத்தில், அதாவது 10 சுற்று மட்டுமே சுற்றும். ஷாஃப்ட் 48, 49 சுற்று வந்தால் 4.88, ஏறக்குறைய 54 வந்தால் 5.38. கழற்றிக் கிடக்கிற ஆக்சில் என்றால் ஒரு ஹப்பைக் கட்டிப்போட்டு மற்றதைச் சுற்றினால் இதே கணக்கு. மூடி திறந்திருந்தால் பல்லை நேராக எண்ணிவிடலாம். அப்போதே பேக்லாஷ், அதாவது இரண்டு பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தைப் பாருங்கள். ஜீப் வகைக் கிரவுனுக்கு 0.13 முதல் 0.23 மி.மீ. சரியான அளவு. கையால் ஆட்டினாலே 'டக் டக்' என்று கேட்டால் பேரிங்கோ பல்லோ தேய்ந்திருக்கிறது.

ஹப் முகத்திலிருந்து ஹப் முகம் வரை அகலம் பின் ஆக்சிலோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். முன் சக்கரத் தடத்தில் பின் சக்கரம் போகாவிட்டால் சேற்றில் இரண்டு புதுத் தடம் வெட்ட வேண்டிவரும், அதற்குத்தான் எஞ்சின் சக்தி வீணாகும். சக்கர போல்ட் வரிசையும் பார்க்க வேண்டும். ஜீப் வகையில் 5 போல்ட், 139.7 மி.மீ. முன்னும் பின்னும் வேறானால் ஸ்டெப்னி இரண்டு சுமக்க வேண்டும். பட்டை உட்காரும் மேடைகளின் இடைவெளி சேஸோடு பொருந்தவில்லை என்றால் குழாய்ப் பகுதியில் மேடையை வெட்டி மாற்றலாம். வார்ப்பிரும்புக் கூட்டோடு சேர்ந்த மேடையை வெட்டி வெல்டு வைத்தால் விரிசல் விடும்.

டம்மி ஆக்சில் பெரும்பாலும் நடுவில் தாழ்ந்து, எஞ்சின் சம்புக்கு (ஆயில் தொட்டி) இடம் விட்டிருக்கும். இழுக்கும் ஆக்சில் நேராக, கிரவுன் கூட்டோடு வரும். பட்டையைப் பம்ப் ஸ்டாப் (மேலே முட்டி நிற்கும் ரப்பர்) வரை அழுத்தி, சம்புக்கும் கூட்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளவு எடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 50 முதல் 75 மி.மீ. உயர்த்த வேண்டிவரும். பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்துவது சோம்பேறித்தனம். ஷேக்கிள் பின் பக்கம் இருந்தால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் அளவு) கூடி பினியன் கீழே கவிழும், முன் பக்கம் இருந்தால் காஸ்டர் குறைந்து ஸ்டியரிங் நிலைகொள்ளாது. சரியான வளைவில் பட்டை கட்டச் சொல்லுங்கள். லாரி பட்டைக் கடைகளுக்கு நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பஞ்சமில்லை. ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட் எல்லாம் புதிது போட வேண்டும், ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி போடக் கூடாது.

காஸ்டர் 3 டிகிரி அளவில் இருந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும். குறைந்தால் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் தலையாட்டத் தொடங்கும். ஆப்பு வைத்துக் காஸ்டரைக் கூட்டலாம், ஆனால் ஆக்சில் சுழலும்போது பினியனும் கீழே இறங்கி ஷாஃப்ட் கோணம் கெடும். இரண்டுக்கும் நடுவே சமரசம்தான். முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஹப் லாக் வைத்தால் ரோட்டில் முன் ஷாஃப்ட் சுற்றாது என்பதால் முன்னால் மட்டும் கோணம் கொஞ்சம் அதிகமானாலும் பொறுத்துக்கொள்ளலாம், காஸ்டருக்கு முன்னுரிமை கொடுங்கள். டோ இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) 1.5 முதல் 3 மி.மீ. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் சாய்ந்து நின்றால் குழியில் இறங்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஆர்மை மாற்றிக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வெல்டு வைத்த ஸ்டியரிங் ஆர்ம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட். டம்மி ஆக்சிலில் ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரம் நன்றாகத் திரும்பும். இழுக்கும் ஆக்சிலுக்குள் கிராஸ் ஜாயின்ட் இருப்பதால் சுமார் 28 டிகிரிக்கு மேல் ஒடித்து லோ கியரில் மிதித்தால் ஜாயின்ட்டில் கிராஸைப் பிடிக்கும் காது ஒன்றோடொன்று மோதி உடையும். வண்டி முன்பைவிட அகலமாகத்தான் திரும்பும், கொண்டை ஊசி வளைவில் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஷாஃப்ட் வெட்டி நீளம் மாற்றும்போது இரு முனைக் காதும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். வண்டி பாரமின்றித் தரையில் நிற்கும்போது ஸ்பிளைனில் (நீண்டு சுருங்க உதவும் பல்வரி) உள்ளே போக 25 மி.மீ. மிச்சம் வையுங்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் குறைந்தது 40 மி.மீ. பிடிப்பு இருக்கட்டும். வெல்டுக்குப் பிறகு பேலன்ஸ் செய்யாத ஷாஃப்ட்டை மாட்ட வேண்டாம்.

பிரேக் ஹோஸ் முழு ஒடிப்பிலும் முழுத் தொங்கலிலும் இழுபடக் கூடாது, அவ்வளவுதான். ஆக்சிலின் மூச்சுக்குழாய் (பிரீதர்) பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். ஓடிச் சூடான ஆக்சில் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். சீல் புதிதாக இருந்தாலும் இது நடக்கும், சீல் ஆயிலை வெளியே விடாமல் காக்கத்தான் செய்யப்பட்டது. முன், பின் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் மூன்றின் மூச்சுக்குழாயிலும் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரில் இறங்கி வந்த மறுநாள் டிரெயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர்தான் முதலில் வரும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் முழுவதும் மாற்ற வேண்டும்.

கிரவுனுக்கு ஈ.பி. 90, ஜி.எல். 5 தர கியர் ஆயில். பித்தளை சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸில் ஜி.எல். 4 ஊற்றுவது பாதுகாப்பு. அளவைப் பாட்டிலில் பார்க்க வேண்டாம், நிரப்பும் துளையின் விளிம்பு வரை வந்தால் போதும். கியர்பாக்ஸில் அளவு குறைந்து டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் கூடிக்கொண்டே வந்தால் நடுவில் இருக்கும் சீல் போயிருக்கிறது.

முதல் ஓட்டத்துக்கு முன் நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, ஹப் லாக் போட்டு, முதல் கியரில் ஐடிலில் ஓடவிடுங்கள். நாலும் ஒரே திசையில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். பிறகு லீவரை லோவில் போட்டு மேட்டில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பாரத்தில் லீவர் கழன்று வந்தால் ராடு நீளத்தையும் மவுண்டிங் ரப்பர் இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பாக்ஸைத் திறக்க வேண்டும். 500 கிலோமீட்டரில் யூ போல்ட், ஷாஃப்ட் போல்ட், கிராஸ் மெம்பர் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

வண்டியை ஓட்டப்போகிறவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். இதில் நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீளமான வட்டம் போடும். மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும், தாரில் அது ஷாஃப்ட்டிலும் பல்லிலும் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். திம்பம் மலைப்பாதையின் 27 வளைவையும் ஃபோர் வீலில் ஏறினால் மேலே போனதும் லீவர் வராது. கம்பியால் நெம்பாமல், ரிவர்ஸில் சில மீட்டர் நேராகப் போனால் முறுக்கு இறங்கி லீவர் தானாக விடும்.